இரும்பன் நின்ற வாசல்

பதினோரு வருஷம் கழித்து அமிர்தராஜ் எங்கள் தெருவுக்குள் வந்தார். வந்தது தங்கை வீட்டுக்கு அல்ல. தங்கை வீட்டுக்கு எதிர்ப்புறம் இருந்த சகாயநாதனின் தகரப் பட்டறைக்கு. ஸ்கூட்டரை ஓரமாக நிறுத்தி, கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, படியில் ஏறாமல் கீழேயே நின்றார்.

எண்பத்து மூன்றாம் வருஷத்துக் கத்திரி வெயில். காவிரியில் மணல்தான் கிடந்தது. பாலக்கரைக்குத் தண்ணீர் லாரி வரும் நாளில் குடத்துக்கும் வாளிக்கும் தெருவே அடித்துக்கொள்ளும். அதனால் அந்தக் கோடையில் சகாயநாதனுக்கு மட்டும் வேலை ஓயவில்லை. வாளிக்கு அடி போடுவது, டிரம்முக்கு ஈயம் வைத்து ஒட்டுவது என்று காலை ஆறு மணிக்கே சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும்.

"மாப்ளை, வேலை ஒண்ணு இருக்கு."

சகாயநாதன் கையை நிறுத்தவில்லை. விளிம்பை மடித்து முடிக்கும்வரை அவர் யாருக்காகவும் நிறுத்துவதில்லை. அன்றைக்கு முடித்த பிறகும் இரண்டு தட்டு கூடுதலாகத் தட்டினார்.

"சொல்லுங்க மச்சான்."

"ஆள் உயரத்துக்குத் தகரத்துல ஒரு சட்டை. தலை, கை, காலு எல்லாம் சேத்து. உள்ள ஒரு ஆளு நிக்கணும்."

"எதுக்கு? சமயபுரத்துக்கு யாராச்சும் வேண்டிக்கிட்டாங்களா?"

"கல்யாணத்துக்கு."

சகாயநாதன் அப்போதுதான் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அமிர்தராஜ் கல்யாண கான்ட்ராக்டர். பந்தல், நாற்காலி, பாத்திரம், பரிமாற ஆள் எல்லாம் அவர் பொறுப்பு. தங்கை செல்வமேரிக்குப் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த ஒருவரைப் பேசி முடித்திருந்தார். அவளோ தகர வேலைக்காரரைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக் காலில் நின்று கட்டிக்கொண்டாள். அண்ணன் கோயிலுக்கு வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். பூசை முடிந்ததும் சாப்பிடாமல் போனார். அதற்குப் பிறகு அவள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவளுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தன. ஞானஸ்நானத்துக்கும் வரவில்லை.

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்துக் காட்டினார். வாரப் பத்திரிகையிலிருந்து கிழித்த படம். சத்தம் கேட்டு, ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தெருவைத் தாண்டி வந்த செல்வமேரி, அண்ணனைப் பார்த்துத் தயங்கினாள். பிறகு அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ, இரும்பன்!"

"நீயுமா இதப் படிக்கிற?"

"தெருவே படிக்குதுண்ணே."

உண்மைதான். 'எட்டாம் கோளின் வாசல்' என்ற அந்தத் தொடர்கதை மூன்று வருஷமாக வந்துகொண்டிருந்தது. வியாழக்கிழமை காலையில் பெட்டிக்கடையில் பத்திரிகைக் கட்டை அவிழ்க்கும்போதே பத்துப் பேர் காத்திருப்பார்கள். செல்வமேரி பக்கத்து வீட்டில் இரவல் வாங்கி வருவாள். மத்தியானம் சோற்றுத் தூக்கோடு பட்டறைக்குப் போனால், சகாயநாதன் சாப்பிட்டு முடிக்கும் வரை அந்த வாரத்துக் கதையை வாசித்துக் காட்டுவாள். எட்டாம் கோளின் வாசலில் நானூறு வருஷமாக நிற்கிற இயந்திர மனிதன் இரும்பன். யார் வந்தாலும் குனிந்து வணங்குவான். பேசவே மாட்டான். "நானூறு வருஷம் நின்னா துரு ஏறாதா?" என்பதுதான் சகாயநாதன் அந்தக் கதையைப் பற்றிச் சொன்ன ஒரே அபிப்பிராயம்.

"மரவாடி பாக்கியநாதன் பொண்ணு கல்யாணம்" என்றார் அமிர்தராஜ். "பொண்ணு பேட்ரிசியாவும் மாப்பிள்ளைப் பையன் எட்வினும் இந்தக் கதையால பழகினவங்க. ரெண்டு பேரும் பத்திரிகைக்கு லெட்டர் போட்டு, இரும்பனுக்கு மனசு உண்டா இல்லையான்னு சண்டை புடிச்சிருக்காங்க. அப்புறம் சண்டைய நேரா தபால்ல போட்டுக்கிட்டாங்க. இப்ப கல்யாண விருந்தையே கதை மாதிரி நடத்தணுமாம். மேடை ராக்கெட்டு. பந்திக்கெல்லாம் கிரகத்து பேரு. வாசல்ல இரும்பன் நிக்கணும்."

செல்வமேரி சிரித்தாள். அமிர்தராஜும் சிரித்துவிட்டார். பதினோரு வருஷத்தில் அண்ணனும் தங்கையும் சேர்ந்து சிரித்தது அப்போதுதான்.

"உள்ள வாங்கண்ணே. மோர் குடிச்சிட்டுப் போலாம்."

அவர் எதிர் வீட்டு வாசலைப் பார்த்தார். கைக்கடிகாரத்தையும் பார்த்தார். "கல்யாணம் நல்லபடியா முடியட்டும். வரேன். நீயும் அன்னைக்கு வா, பரிமாற நம்ம ஆளா நாலு பேரு வேணும்."

ஸ்கூட்டர் போன பிறகு சகாயநாதன் சொன்னார்: "எனக்குப் புடிக்கல."

"என்ன புடிக்கல?"

"படி ஏறாம வேலை சொல்றாரு."

"அதான் வரேன்னு சொல்லிட்டாருல்ல. செஞ்சு குடுங்க. எனக்காக."

அவர் செய்தார். ஒன்பது நாள் அந்த வேலைதான். எண்ணெய் டின்களைப் பிரித்துத் தட்டி நிமிர்த்தினார். மார்புக்கு மட்டும் புதுத் தகடு. முழங்கை மடங்க வேண்டுமென்று மூன்று துண்டாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று வழுக்குகிற மாதிரி வைத்தார். கரி அடுப்பில் சூட்டுக்கோல் சிவக்கச் சிவக்க ஈயம் உருகி ஓடியது. வெளியே நூற்றுச் சொச்சம் டிகிரி வெயில், உள்ளே அடுப்பு. பழைய சோற்றுத் தண்ணியைச் செம்புச் செம்பாகக் குடித்துக்கொண்டு வேலை பார்த்தார். கோயில் மணியடிக்கிற சவரிநாதன்தான் உள்ளே நிற்கப் போகிற ஆள். ஒல்லிப்பிச்சான். அவன் அளவுக்குத்தான் சட்டை.

எட்டாம் நாள் அமிர்தராஜ் வந்து பார்த்தார். அன்றும் படி ஏறவில்லை.

"முன்னால ஒரு மூட்டு கூடத் தெரியக் கூடாது மாப்ளை."

"அதான் பின்னால நாலு கொக்கி வெச்சிருக்கேன். உள்ள நிக்கிறவன் தானா கழட்ட முடியாது, தகரக் கையால தலையையும் புடிச்சு எடுக்க முடியாது. பக்கத்துலயே ஒரு ஆளு இருக்கணும், சொல்லிட்டேன்."

"வெச்சுக்கலாம். தலையில எதுக்கு இத்தனை ஓட்டை?"

"மூச்சு விட வேணாமா?"

"படத்துல இல்லையே. எண்ணெய் வடிகட்டி மாதிரில்ல இருக்கு. அடைச்சிருங்க."

"அடைக்க முடியாது மச்சான்."

"பார்ட்டி கேக்குறாங்க. நானா கேக்குறேன்?"

சகாயநாதன் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் அண்ணனுக்கு மோர் டம்ளரைத் தெருவிலேயே நீட்டிக்கொண்டு நின்றாள். அவர் மேலே இருந்த ஓட்டைகளை அடைத்தார். தாடைக்குக் கீழே வெளியே தெரியாத இடத்தில் ஆறு ஓட்டையை மட்டும் விட்டுவைத்தார்.

கல்யாணத்தன்று காலை பூசை, மத்தியானம் புத்தூரில் பாக்கியநாதனின் பங்களா மைதானத்தில் விருந்து. ஏழு மணிக்கே செல்வமேரி போய்விட்டாள். எங்காவது பிய்ந்தால் ஒட்டவேண்டுமே என்று சகாயநாதனும் கத்தரி, சூட்டுக்கோல் எல்லாம் போட்ட பையோடு போனார். மூங்கிலில் கட்டிய ராக்கெட்டின் மேல் வெள்ளித்தாள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தது. பரிமாறுகிற பெண்களுக்கெல்லாம் வெள்ளித்தாள் குல்லாய். வேர்வையில் நனைந்து, ஒரு மணி நேரத்தில் எல்லார் நெற்றியிலும் சாயம் இறங்கியது.

பின்கட்டில் சமையல்காரர் முகம்மது கனி கரண்டியை வைத்துக்கொண்டு நின்றார்.

"முப்பது வருசமா பிரியாணி போடுறேன்மா. நீலக் கலர்ல போடுங்கன்னு இன்னைக்குத்தான் கேக்குறேன். யா அல்லாஹ், சோத்தப் பாத்தா பசி போயிரும்னு சொன்னேன். கான்ட்ராக்டர் அண்ணன் கேக்கல. நீங்க போடுங்க, தின்னா தின்றாங்கன்னுட்டாரு."

"அவரு அப்படித்தான் பேசுவாரு பாய்" என்றாள் செல்வமேரி.

"உங்க அண்ணனாமே. எங்கக்கிட்ட சொல்லவே இல்ல."

அவள் குனிந்து வெங்காயம் நறுக்கினாள்.

பத்தரைக்குச் சவரிநாதனுக்குச் சட்டையை மாட்டினார்கள். ஒத்திகைக்கு வாசல் வரை நடந்து போனவன் கால் மணியில் திரும்பி வந்து, தகரத்தை உள்ளிருந்தே தட்டினான். சகாயநாதன் கொக்கியைக் கழற்றியதும் அப்படியே மண்ணில் உட்கார்ந்தான்.

"என்னால முடியாது. அடுப்புக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கு. செத்துப் போயிருவேன்."

அமிர்தராஜ் அவனை அடிக்கப் போனார். அடித்தாலும் அவன் எழுந்திருப்பதாக இல்லை. வெளியே கார்கள் வர ஆரம்பித்துவிட்டன. பாக்கியநாதன் பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்கட்டுக்கே வந்தார்.

"இரும்பன் எங்கய்யா? என் பொண்ணு கேட்டது அது ஒண்ணுதான். அதுவும் இல்லன்னா உன்ன எதுக்குக் கூப்பிட்டேன்?"

"ரெண்டு நிமிஷம் சார். வந்துருவான்."

பாக்கியநாதன் போனதும் அமிர்தராஜ் திரும்பினார். "மாப்ளை, நீங்க போட்டுக்குங்க."

"நானா? எனக்கு அளவு பத்தாது மச்சான்."

"செஞ்சவரு நீங்க. உங்களுக்குத் தெரியாதா எப்படி நுழையறதுன்னு."

"என் வேலை செஞ்சு குடுக்கறது. நிக்கிறது இல்ல."

"வேலையா?" அமிர்தராஜின் குரல் ஏறியது. பாத்திரம் தேய்க்க வந்திருந்த இருளாயி கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "வாளி ஒட்டுறது ஒரு வேலை. அதுக்கு இம்புட்டு ரோசம். அந்தப் பொன்மலைக்காரன் எனக்கு மாப்பிள்ளையா வந்திருந்தா, இன்னைக்கு மேடைக்கு முன்னாடி சேர் போட்டு உக்காந்திருப்பான். எனக்கு வாச்சது பின்கட்டுல நிக்குது. வாசல்லயாவது நிக்கட்டுமே."

அடுப்பில் விறகு வெடித்தது. சகாயநாதன் மனைவியைப் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை சொன்னால் பையை எடுத்துக்கொண்டு கிளம்பத் தயாராக இருந்தார். அவளுக்கு அது தெரியும்.

"ஒரு மணி நேரந்தானேங்க" என்றாள் செல்வமேரி.

அவர் சட்டையைக் கழற்றி மடித்துப் பையின் மேல் வைத்தார். பனியனோடு உள்ளே நுழைந்தார். தோளில் இறுக்கியது. மூச்சை இழுத்துப் பிடித்தால்தான் கொக்கி மாட்டியது. அமிர்தராஜே மாட்டினார்.

கனி கரண்டியை அடுப்புத் திண்டில் டங்கென்று போட்டார். "கொஞ்சம் உப்பு மோராவது குடுத்து அனுப்புங்கய்யா." யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பதினொன்றேகாலுக்கு வாசலில் நிழல் இருந்தது. பன்னிரண்டுக்கு இல்லை. பந்தல் வாசல் வளைவோடு முடிந்துவிட்டது, இரும்பன் அதற்கு வெளியேதான் நிற்க வேண்டும், படத்தில் அப்படித்தான் என்று எட்வின் சொல்லியிருந்தார். வருகிற ஒவ்வொருவருக்கும் குனிந்து நிமிர்ந்தார் சகாயநாதன். பிள்ளைகள் வயிற்றைத் தட்டிப் பார்த்தன. ஒருவர் தோளில் கைபோட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், குடித்திருந்தார் போல, "என்னடா இரும்பா, எங்க எல்லாருக்கும் முன்னால சொர்க்கத்து வாசல்ல நிக்கிறே" என்று முதுகில் ஓங்கி அறைந்தார். தகடு உள்வாங்கி நடுக் கொக்கி இரண்டும் வளைந்தன. பக்கத்தில் இருக்க வேண்டிய ஆளை அமிர்தராஜ் நாற்காலி தூக்க அனுப்பியிருந்தார்.

பின்கட்டில் செல்வமேரி முதல் பந்திக்கு இலை போட்டு, இரண்டாம் பந்திக்கு எடுத்துக்கொண்டிருந்தாள். நீலப் பிரியாணி இலைகளில் அப்படியே திரும்பி வந்தது. அவள் சொன்ன ஒரு மணி நேரம் எப்போதோ தாண்டியிருந்தது. நேரத்தைப் பார்க்கக் கூடாது என்றே அவள் குனிந்து வேலை செய்தாள்.

எச்சில் வாளியோடு வாசல் பக்கம் போய்வந்த இருளாயி சொன்னாள்: "அக்கா, உங்க வீட்டுக்காரரு நல்லா வேடிக்கை காட்டுறாரு. கைய ரெண்டையும் தூக்கித் தூக்கி ஆட்டுறாரு. நெஞ்சுல அடிச்சிக்கிறாரு. புள்ளைங்கல்லாம் கைதட்டுதுங்க."

"கைய ஆட்டுறாரா?"

"ஆமாக்கா."

இரும்பன் கையை ஆட்டமாட்டான். மூன்று வருஷம் வாசித்த கதையில் அவன் ஒரு நாளும் கையைத் தூக்கியதில்லை. செல்வமேரி கையிலிருந்த இலைக்கட்டை அப்படியே போட்டாள்.

முன்பக்கம் போகக் கூடாது என்று அண்ணன் சொல்லியிருந்தார். மேடைக்கு எதிரே, நாற்காலிகளுக்கு நடுவே, எச்சில் புடவையோடு அவள் ஓடினாள். வாசலில் முப்பது பிள்ளைகள் அவரை நகர விடாமல் வளைத்து நின்று கூச்சல் போட்டன. பேண்டு வாத்தியம் முழங்கிக்கொண்டிருந்தது. அவர் கையை ஆட்டுவதை நிறுத்தியிருந்தார். தகரத்துக்குக் கீழே செருப்பில்லாத இரண்டு பாதங்கள் தெரிந்தன. வலது பாதத்தின் விரல்கள் மண்ணை இறுகப் பிடித்திருந்தன. இடது பாதம் தொய்ந்து பக்கவாட்டில் சாய்ந்திருந்தது. அந்தப் பாதத்தைச் சுற்றி மண் நனைந்திருந்தது.

"என்னங்க!"

தகரத்தைத் தொட்டாள். கை சுட்டு இழுத்துக்கொண்டாள். மறுபடி தொட்டாள். பின்னால் போய்க் கொக்கியை இழுத்தாள். வரவில்லை. மேலே ஒன்று வந்தது, நடுவில் இரண்டும் அசையவில்லை. அவர் மெல்ல முன்னால் சரிந்தார். அவள் இடுப்பைக் கட்டிப் பிடித்துத் தரையில் இறக்கினாள். தகரம் மண்ணில் மோதிய சத்தத்தில்தான் பேண்டு நின்றது.

"இருளாயி! அவரு பை! பையக் கொண்டா!"

பாக்கியநாதன் வந்துவிட்டார். "என்னம்மா இது, விருந்தாளி எல்லாம் பாக்குறாங்க. பின்னால தூக்கிட்டுப் போய்க் கழட்டுங்க."

அவள் காதில் விழவில்லை. தலைக்கவசத்தை இரண்டு கையாலும் முறுக்கிப் பிடுங்கினாள். உள்ளே முகம் சிவப்பாக இல்லை, வெளுத்துப்போய் இருந்தது. உதட்டில் நுரை. கனி கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு குடம் தண்ணீரோடு வந்து தலையிலும் மார்பிலும் ஊற்றினார். தகரத்தின் மேல் பட்ட தண்ணீர் சூடாகி வழிந்தது.

இருளாயி கொண்டுவந்த பையிலிருந்து தகரம் வெட்டும் கத்தரியை எடுத்தாள் செல்வமேரி. கணவரைப் புரட்டிக் கழுத்துக்குக் கீழே கத்தரியின் வாயை வைத்து அழுத்தினாள்.

"மேரி! வெட்டாத!" அமிர்தராஜ் ஓடி வந்தார். "கொக்கிய மெதுவா எடுக்கலாம். நாளன்னைக்குத் துறையூர் வாசகர் மன்ற ஆண்டு விழாவுக்கு இத வாடகைக்குப் பேசியிருக்கேன். வெட்டாத!"

அவள் நிமிர்ந்து அண்ணனைப் பார்த்தாள். அவர் கண் தகரத்தின் மேல் இருந்தது, அதற்குள் கிடந்தவர் மேல் இல்லை. அவள் வெட்டினாள். பட்டறையில் பார்த்திருந்தாளே தவிர அவள் கத்தரி பிடித்தவள் இல்லை. வெட்டு கோணிக்கொண்டு போனது. தகரம் உள்ளங்கையைக் கிழித்தது. பாதி முதுகு வந்ததும் வெட்டிய ஓரத்தை யாரோ பிடித்து விலக்கினார்கள். வெள்ளைக் கையுறை. பேட்ரிசியா கல்யாண உடையோடு மண்ணில் முழங்கால் போட்டிருந்தாள்.

"பேசக் கூடாதுன்னு சொன்னது நான்தாங்க" என்றாள் அவள். "கதையில அவன் பேச மாட்டான்னு... நான்தான் சொன்னேன்."

செல்வமேரி மறு ஓரத்தைப் பிடித்தாள். "இழு" என்றாள். இருவரும் இழுத்தார்கள். தகரம் விரிந்தது. இரண்டு தோளிலும் தகடு பட்ட இடத்தில் தோல் வழன்று பனியனோடு ஒட்டியிருந்தது. பேட்ரிசியாவின் அம்மா வந்து மகளின் கையைப் பிடித்து எழுப்பினார். "கவுனப் பாருடி. போட்டோகிராபர் நிக்கிறாரு." அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். ஆனால் போனாள்.

பாத்திரம் ஏற்றி வந்த வண்டியில் கனி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். பக்கத்தில்தான். சாயங்காலத்துக்குள் இரண்டு பாட்டில் குளுகோஸ் ஏறியது. கண் திறந்ததும் சகாயநாதன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். அவள் துணி சுற்றிய கையால் நெற்றியைத் தொட்டாள். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"ஒரு மணி நேரந்தான்னே."

"தப்புத்தாங்க."

"நான் உள்ளயிருந்து கத்துனேன். உன் பேரச் சொல்லிக் கத்துனேன். கேட்டுச்சா?"

"கேக்கலீங்க."

"எதுக்கால ஒரு புள்ள நின்னு என்ன மாதிரியே கைய ஆட்டிக் காட்டுச்சு." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினார். "பதினோரு வருசம் உங்க அண்ணன் வரலைன்னு அழுத. நான் ஒரு நாளாவது ஏன் அழுவுறன்னு கேட்டிருக்கேனா? உன் மூஞ்சியப் பாத்துத்தான் அந்த ஓட்டைய அடைச்சேன். நானே அடைச்சேன்."

அவள் கட்டில் காலோடு தரையில் உட்கார்ந்தாள். அன்றைக்கு மட்டுமல்ல, மறுநாளும் அவர் அவளோடு வேறு பேச்சுப் பேசவில்லை. கொடுத்த கஞ்சியைக் குடித்தார், அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார்கள். தோளில் மருந்து தடவி, சட்டை போட முடியாமல், முன்னறையில் பாயில் குப்புறப் படுத்திருந்தார். பட்டறை பூட்டிக் கிடந்தது. தெருவில் ஆளாளுக்கு எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பத்து மணி வாக்கில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. இந்த முறை எதிர்ப்புறம் போகவில்லை. செல்வமேரி வீட்டு வாசலிலேயே நின்றது. பின் சீட்டில், கோணியில் சுற்றிய தகரம் கயிறு போட்டுக் கட்டியிருந்தது.

அமிர்தராஜ் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியில் கால் வைத்தார். செல்வமேரி நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி இருக்காரு மாப்ளை?"

"இருக்காரு."

"நான் வேணும்னா பண்ணேன் மேரி? பாக்கியநாதன் என்ன பேச்சுப் பேசினாரு தெரியுமா, அத்தனை பேரு முன்னாடி? இனிமே அந்தப் பக்கம் ஒரு வேலை எனக்கு வராது. நானும் பட்டுட்டுத்தான் நிக்கிறேன்."

அவள் நிலையை விடவில்லை.

"துறையூர்க்காரங்க ஒரு வாரம் தள்ளி வெச்சிருக்காங்க. பின்பக்கந்தானே வெட்டியிருக்கு, ஒட்டிரலாம். மாப்ளைக்கு முடியலன்னா பரவால்ல, படுத்துக்கிட்டே எப்படின்னு சொல்லட்டும், வேற ஆள வெச்சுச் செஞ்சுக்கறேன். உள்ள வந்து பேசிக்கிறேன், தள்ளு."

உள்ளேயிருந்து சகாயநாதனின் குரல் வந்தது. "யாரு? மச்சானா? வரச் சொல்லு."

அவர் அப்படிச் சொன்னது எங்கள் எல்லாருக்கும் கேட்டது. அமிர்தராஜ் இரண்டாம் படியில் ஏறினார்.

"இறங்குங்கண்ணே" என்றாள் செல்வமேரி.

"என்னது?"

"படியை விட்டு இறங்குங்க. அந்தத் தகரத்தையும் எடுத்துட்டுப் போங்க."

"வான்னு கூப்புட்டுக் கூப்புட்டுத் தொண்டை வத்துனவ நீ. இப்ப வந்து நிக்கிறேன். இனிமே நான் வரவே மாட்டேன், பாத்துக்க."

"வராதீங்க."

அவர் இறங்கினார். செருப்பை மாட்டும்போது ஒரு கால் தடுமாறியது. தெருவில் நாங்கள் நிற்பதைப் பார்த்ததும் முகம் கறுத்தது. "தகரக்காரன் பொண்டாட்டி!" என்று உரக்கச் சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். இரண்டு உதைக்குக் கிளம்பவில்லை. மூன்றாவதில் கிளம்பியது.

செல்வமேரி வீட்டுக் கதவைச் சாத்தினாள். எங்கள் தெருவில் பகலில் யாரும் கதவைச் சாத்துவதில்லை. கோடையில் சாத்தவே மாட்டோம். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"ஏன் சாத்துற? புழுங்குது" என்றார் சகாயநாதன்.

"கொஞ்ச நேரம் இருக்கட்டுங்க. தொறக்கறேன்."

பிறகு விசிறி மட்டையின் சத்தம் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் அழுவதும், "கை வலிக்கப் போவுது, குடு இங்க" என்று அவர் சொல்வதும் கேட்டன.